முதல் மீனில் ஒரு மாத்திரை

பென்குயினுக்கு மீனைத் தலைப்பக்கம் முன்னால் வைத்துத்தான் ஊட்ட வேண்டும். வால்பக்கம் கொடுத்தால் செதிலும் துடுப்பும் தொண்டையில் எதிர்த்துக்கொண்டு நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே இதைத் தப்பாகச் செய்வார்கள். பத்தொன்பது வருஷத்தில் என் கையால் சாப்பிட்ட ஒரு பறவைக்கும் தொண்டையில் சிக்கியதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று ஆரம்பத்தில் கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

உறைய வைத்த மீனில் ஒரு சத்து போய்விடும். அது இல்லாமல் பென்குயின் அதிக நாள் தாங்காது. அதனால் காலையில் ஒவ்வொரு பறவைக்கும் கொடுக்கும் முதல் மீனின் செவுளுக்குள் ஒரு மாத்திரையைச் செருகிக் கொடுப்போம். இருபத்திரண்டு பறவை, இருபத்திரண்டு மாத்திரை. எங்கள் கடல்வாழ் காட்சியகத்தில் அந்த வேலை முழுக்க என் பொறுப்பு.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பறவைகள் எங்களுடையவை மட்டும் இல்லை. எட்டு மிருகக்காட்சி சாலைகளும் நாங்களும் சேர்ந்து இந்த இனத்தைக் காப்பாற்றுகிறோம். எது எங்கே பிறந்தது, யாருக்கு யார் சொந்தம், அடுத்த வருஷம் எதை எதோடு சேர்ப்பது, எல்லாம் ஒரே பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் பக்கத்து ஊர் மிருகக்காட்சி சாலையில் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் பதிவேட்டக்கா. நல்ல மனுஷி. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

சொட்டுவை முட்டையாக அனுப்பி வைத்தது அவர்தான். தாய் கைவிட்ட முட்டை. எங்களிடம் நல்ல அடைகாக்கும் பெட்டி இருந்தது. குஞ்சு பொரித்ததும் அரைத்த மீனை ஊசிக்குழலில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டியவன் நான். பெயர் அப்படித்தான் வந்தது. வளர்ந்த பிறகும் நான் விசில் அடித்தால் தண்ணீரிலிருந்து துள்ளி ஏறி, ஓடி வந்து என் முழங்காலில் சாய்ந்துகொள்வாள். எங்கள் மகள் வெளியூர் போய் ஆறு வருஷமாகிறது. எப்போதாவது பண்டிகைக்கு வருவாள். இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

சொட்டுவுக்கு மூன்று வயதானபோது அக்கா ஃபோன் செய்தார்.

"தம்பி, உங்க சொட்டுவுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு. எங்க வீட்டுப் பையன்தான். மூணு மாசத்துல அனுப்பி வைங்க."

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவியும் சிரித்தாள். "பொண்ணக் கட்டிக் கொடுக்கிற அப்பன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்களே, போதும் போங்க" என்றாள்.

எங்கள் கூட்டமைப்பில் ஒரு விதி உண்டு. காரணம் தெரியாமல் ஒரு பறவை செத்தால், அந்தக் கட்டடத்திலிருந்து அறுபது நாளைக்கு எந்தப் பறவையும் வெளியே போகக் கூடாது. நோய் பரவிவிடக் கூடாதே என்று வைத்த விதி. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். அறுபது நாள் தள்ளிப்போனால் ஜோடி சேரும் பருவம் தப்பிவிடும். பிறகு அடுத்த வருஷம்தான்.

எங்களிடம் வாலாட்டி என்று ஒரு கிழட்டுப் பறவை இருந்தது. எப்படியும் போகிற உயிர். நான் அதற்கு எதுவும் செய்யவில்லை. முதல் மீனை மாத்திரை இல்லாமல் கொடுத்தேன், அவ்வளவுதான். சில வாரங்களில் நடை தள்ளாடியது. பிறகு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு விழுந்தது. நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் டாக்டர் நுரையீரலைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், கிருமி தேடினார். எதுவும் இல்லை.

"மாத்திரை ஒழுங்கா போகுதில்ல?" என்று கேட்டார்.

"போகுது சார். டப்பாவப் பாருங்க."

டப்பா சரியாகக் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் மிஞ்சிய மாத்திரையைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. சத்துள்ள பொருள். சொட்டுவின் மீனில் சேர்த்து வைத்தேன்.

அடுத்த வருஷம் சொட்டுவை அனுப்பச் சொல்லி அக்கா மறுபடி ஃபோன் செய்தார். அந்த வருஷம் ஒற்றைக்கண்ணன் போனான். அதற்கடுத்த வருஷம் ஒரு தாய்ப் பறவை. அவளுக்கு வயது ஐந்துதான். அந்த முறை எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

போன வருஷம் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். "உங்க கட்டடத்துக்கு ஏதோ கண்ணு பட்டிருக்கு தம்பி. பொண்ண அனுப்ப முடியலன்னா என்ன, மாப்பிள்ளைய அங்கயே அனுப்பிடறேன். வீட்டோட இருக்கட்டும்" என்றார்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஒரு வாளி புது மீனோடு நானே வாசலில் நின்று அவனை வரவேற்றேன். அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சொட்டு எங்கேயும் போக வேண்டியதில்லை. இனி யாருக்கும் மாத்திரை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பத்து நாளில் அவள் அவனோடு கூழாங்கல் பொறுக்க ஆரம்பித்தாள். விசில் அடித்தேன். தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கல்லைப் பொறுக்கினாள். மறுநாளும் அப்படித்தான். வரிசையில் எல்லாப் பறவையையும்போல வந்து, மீனை வாங்கிக்கொண்டு, அவன் பக்கத்தில் போய் நின்றாள். என் முழங்கால் ஈரமாகாமல் வீடு திரும்பினேன். மனைவி பேன்ட்டைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன, லீவா?" என்றாள்.

அவன் திடகாத்திரமானவன். ஒன்பது வாரம் தாங்கினான்.

அவன் படுத்த பிறகு சொட்டு என்னிடம் வந்தாள். பழையபடி சாய்ந்துகொண்டாள். ஆனால் உடம்பில் பழைய கனம் இல்லை. இறகு மங்கியிருந்தது. மீனை வாயில் வாங்கிக் கீழே போட்டாள். சத்துக் குறைவு என்று நினைத்தேன். ஒன்றுக்கு இரண்டாக, இரண்டுக்கு நாலாக மாத்திரை வைத்தேன். அவன் இறந்த பன்னிரண்டாம் நாள் அவளும் இறந்தாள்.

மாப்பிள்ளை பதிவேட்டக்காவின் மிருகக்காட்சி சாலைப் பறவை என்பதால் இரண்டு உடலும் அவர்களுடைய ஆய்வகத்துக்குப் போயின. அங்கிருக்கிற டாக்டரம்மா கிருமியைத் தேடவில்லை. ஈரலை எடுத்துச் சத்தை அளந்தார். அவனிடம் இருக்க வேண்டியது இல்லவே இல்லை. அவளிடம் அளவுக்கு மேல் பல மடங்கு. அந்த மாத்திரையில் இருக்கும் இன்னொரு சத்து ஈரலிலேயே தங்கிவிடுமாம், வருஷக்கணக்கில் சேர்ந்து விஷமாகுமாம். இரண்டுக்கும் ஊட்டியது ஒரே கை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். கெட்டிக்காரி. பதிவேட்டக்கா இன்னும் என்னோடு பேசவில்லை.

வாலாட்டி, ஒற்றைக்கண்ணன், அந்தத் தாய், மாப்பிள்ளை. நாலு பேரையும் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் உங்கள் தாளில் ஐந்து என்று இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். சொட்டுவுக்கு நான் ஒருநாள்கூட மாத்திரை தவறவிட்டதில்லை.