பதிவேட்டம்மாவைத் தோற்கடித்தவன் பேசுகிறேன்

அவைக்குத் தலைமை தாங்குவதோடு என் பேச்சையும் தாங்கத் துணிந்திருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே! வயது வளைத்தும் முதுகு வளையாத பெரியோர்களே! கறவை முடித்துக் கையீரம் காயுமுன் கடுகி வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியே! அனைவருக்கும் என் வணக்கம்.

சிறந்த மாட்டினப் பெருக்கத்துக்காக நம் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குக் கேடயம் தந்திருக்கிறார்கள். சங்கத் தலைவன் என்பதால் அதில் என் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். எழுத்துப்பிழை இல்லை, ஆள்தான் பிழை!

கைதட்டாதீர்கள் ஐயா! இது அடக்கம் அல்ல, உண்மை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தானே எனக்கு வாக்களித்தீர்கள்?

அந்தக் கேடயத்துக்கு உரியவர் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். பதிவேட்டம்மா! ஒற்றைக் கிடாரிக் கன்றோடு தொடங்கி ஒரு பண்ணையை உண்டாக்கியவர். மகளின் கல்யாணத் தேதியை மறந்தாலும் பசுவின் சினைத் தேதியை மறக்காதவர். எந்தக் கன்றுக்கு எந்தத் தாய், எந்தத் தகப்பன், எந்தப் பாட்டன் என்று ஏழு பதிவேடுகளில் எழுதி வைத்தவர். நம்மில் பலருக்கு நம் பாட்டன் பெயரே தடுமாறும்!

அவர் வளர்த்த காளைதான் சேனாதிபதி. அதன் மகள்கள் மடி நிறையக் கறந்தன; நாம் மனம் நிறைய மகிழ்ந்தோம். பன்னிரண்டு ஆண்டு அவரே நம் தலைவி. காளையின் படம் சங்கச் சுவரில் மாட்டப்பட்டது. வாசல் தோறும் சேனாதிபதியின் வாரிசுகள்!

பிறகு வந்தது சோதனை. அடுத்தடுத்து மூன்று கொட்டகைகளில், முன்னங்கால் மடங்கியபடி கன்றுகள் இறந்தே பிறந்தன. மூன்றாவது என் வீட்டில்.

நம் மருத்துவர் சொன்னார்: “தீவனக் கோளாறா இருக்கும்மா.”

நெளியாதீர்கள் அவைத்தலைவர் அவர்களே, நாங்களும் அதைத்தான் நம்பினோம். நம்பாதவர் ஒருவர்தான்.

“தீவனம் வீட்டுக்கு வீடு வேற, டாக்டர். அப்பன் வழி மட்டும்தான் ஒண்ணு,” என்றார் அம்மா.

பதிவேடுகளைப் புரட்டினார். இறந்த மூன்று கன்றுகளுக்கும் தாய்வழியிலும் சேனாதிபதி, தகப்பன்வழியிலும் சேனாதிபதி. இருபக்கமும் அந்த ரத்தம் கூடும்போது குறை வெளிப்படுகிறது. இது வேறு யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது! தீவனத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, தலைவியாகவே இருந்திருக்கலாம் அல்லவா? அந்தச் சாமர்த்தியம் அவருக்கு இல்லை. பொதுக்குழுவைக் கூட்டினார்.

“குறை என் காளையோட ரத்தத்துல இருக்கு. இனிமே அதோட சினை ஊசி யாரும் போடாதீங்க. தப்பு என்னோடது.”

மன்றம் கொதித்தது. முதலில் எழுந்து கத்தியவன் யார்? அடியேன்தான்!

“இத்தனை நாளும் மறைச்சு வச்சு எங்க தலையில கட்டினீங்களா?”

அடுத்த மாதம் தேர்தல். உண்மை சொன்னவர் தோற்றார். உரக்கச் சொன்னவன் வென்றான். பதவியேற்றதும் நான் செய்த முதல் அரும்பணி, சுவரிலிருந்த காளைப் படத்தை இறக்கியது. இரண்டாவது, அதே ஆணியில் என் படத்தை மாட்டியது. பொருத்தம் பார்த்துத்தான் மாட்டினேன் என்று அன்றே யாரோ சிரித்தீர்கள். கேட்டது!

மறுநாள் காலை ஏழு பதிவேடுகளும் என் மேசைக்கு வந்தன.

“தலைவர் நீங்கதான். ஆனா மாடு எல்லாருக்கும் சொந்தம். எதை எதோட சேர்க்கக்கூடாதுன்னு குறிச்சிருக்கேன்,” என்றார்.

எனக்கு அதில் ஒரு வரியும் விளங்கவில்லை. தலைவனாயிற்றே, தலையாட்டினேன்! அதைப் புரிந்துகொண்டு, அவரே வீடு வீடாக நடந்தார். பலர் கதவைச் சாத்தினார்கள். நானும் சாத்தினேன். திறந்தவர் என் மனைவி.

“உங்க கோபத்தைக் கறந்தா பால் வருமா? தள்ளுங்க,” என்றார்.

மூன்று ஆண்டுகள், அன்பர்களே! திட்டியவன் வீட்டு மாட்டுக்கும் அவர்தான் இணை தேர்ந்தார். அதன்பின் ஒரு கன்றும் அப்படிப் பிறக்கவில்லை. என் கொட்டகையில் இன்று துள்ளும் நான்கு கன்றுகளும் அவர் குறித்துக் கொடுத்தவை. அதற்காக நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

தன் மாட்டின் பெருமையைப் பேச ஆயிரம் பேர் உண்டு. தன் மாட்டின் குறையை ஊரைக் கூட்டிச் சொல்ல எத்தனை பேர் உண்டு? பதவி போகும் என்று தெரிந்தும் வாய் திறக்க எத்தனை பேர் உண்டு? போன பின்னும் பணியைத் தொடர எத்தனை பேர் உண்டு?

ஆகவே, அடுத்த மாதத் தேர்தலில் நான் நிற்கப்போவதில்லை!

அடடா! மூன்று ஆண்டுகளில் என் எந்தப் பேச்சுக்கும் இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. என் இடத்தில் பதிவேட்டம்மாவே மீண்டும் நிற்கட்டும்!

என்னம்மா? உரக்கச் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும்.

“நான் நிக்கிறேன்னு யாரு சொன்னா? நாளைக்கே இன்னொரு குறையைக் கண்டுபிடிச்சுச் சொன்னா, மறுபடியும் தோக்கடிப்பீங்களா? அதை முதல்ல கேட்டுச் சொல்லுங்க.”

அம்மா கேட்டுவிட்டார். பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அதைச் சொல்ல உங்களுக்கு இடம் விட்டு, என் உரையை நிறுத்துகிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுத்தே பழகிய அம்மாவுக்கு, காலம் கடந்த என் வணக்கம்!