கை தெரிகிற இடம்

அந்தச் செக்க மேசையில வைக்காதீங்கம்மா, ஃபேன் காத்துக்குப் பறந்துறப் போவுது. பைக்குள்ள வைங்க. இல்லலா, வேணாம்னு சொல்லல. வாங்காம எங்க போறோம். ஒக்காருங்க மொதல்ல. எங்க ஆபிஸ் பிள்ள ஹமீதா கோப்பி கலக்கப் போயிருக்கு. குடிச்சிட்டுப் பேசலாம்.

டிக்கெட்டு எடுத்தீங்களா? இந்தாங்க அஞ்சு வெள்ளி, புடிங்க. பேட்ரிக் மககிட்ட காசு வாங்குனேன்னு தெரிஞ்சா மேஜர் என்னைய ஏசுவாரு. ஆமா, ஒங்ககிட்ட போன்ல பேசுனாரே, அவருதான், மேஜர் இர்வான். எங்க தலைவரு. முட்டி ஆபரேஷன், வர முடியல. ஆரோக்கியநாதன், நீதானே பேட்ரிக்கோட ஒரே வண்டியில இருந்தவன், நீயே அந்தப் பிள்ளைகிட்ட பேசிருன்னு சொல்லிட்டாரு. சரி துவான், சரி ஐயான்னு சொன்னேன். அவருகிட்ட அதத் தவிர நா வேற என்னத்தச் சொல்லியிருக்கேன்.

சுத்திப் பாத்துட்டீங்கள்ல? பாக்க என்ன இருக்கு. பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குன ஆளுங்க ஒம்பது பேரு சேந்து நடத்துற மியூசியம். ரெண்டு ரூம்பு நெறைய தொப்பி. ஒரு ரூம்பு துப்பாக்கி, அதுவும் சுடாதது. ஸ்கூல் பிள்ளைங்க வந்தா பத்து நிமிஷத்துல கொட்டாவி. ஏறி நின்னு போட்டோ எடுக்க ஒண்ணு வேணும், நானும் ஒங்கப்பாவும் இருந்த அந்தக் கவச வண்டிய வாங்குவோம்னு மேஜருதான் ஆரம்பிச்சாரு. வாசல்ல வெள்ளப் பெயிண்டுல கட்டம் போட்டிருக்கே, பாத்தீங்களா? வண்டிக்குப் போட்டது. நாலு வருஷமா ஹமீதாவோட மோட்டாரு சைக்கிளுதான் அதுல நிக்கிது.

பணம் சேக்க எல்லாம் செஞ்சு பாத்தாச்சும்மா. டின்னர் வச்சோம். சட்டை அடிச்சு வித்தோம். தீபாவளி சமயத்துல லிட்டில் இந்தியாவுல டின்னத் தூக்கிக்கிட்டு நின்னோம். கோயிலுக்கா அண்ணேன்னு கேக்குறாங்க. இல்ல, பட்டாளத்து வண்டின்னு சொன்னா, அது எதுக்குன்னு கேக்குறாங்க. எதுக்குன்னு எனக்குச் சொல்ல வரல. மத்தவங்க டின்னு நெறையும், என் டின்னு மட்டும் நெறையாது.

வண்டி அக்கரையில கெடக்கு, பட்டர்வொர்த்துல, ஷேக் அலாவுதீனோட பழைய இரும்பு யார்டுல. நல்ல மனுஷன், இவ்வளவு நாள் வச்சிருந்தாரு. இப்ப முடியாதுங்கிறாரு. இந்த மாசக் கடைசிக்குள்ள பணம் கட்டலன்னா வெட்டி எடைக்குப் போட்டுருவேன்னு சொல்லிட்டாரு. ஆமா, ஒங்க செக்கு இருந்தா வெட்ட மாட்டாரு. தெரியும்மா.

ஒங்க பேப்பர வாசிச்சேன். வண்டி மேல அடிக்கப் போற பலகைக்கு எழுதியிருக்கீங்க. நல்லா எழுதியிருக்கீங்க. யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியாம அம்மாவுக்குப் பட்டாளத்துல இருந்து வந்த லெட்டர வச்சே எழுதுனீங்களா. சரிதான். அதுல ஒரு வரி இருக்கு. அந்த வரிய அப்புறம் பேசுவோம்.

ஒங்கம்மா, ஜூலியானா அக்கா, எப்படி இருக்காங்க? இன்னும் சுங்கை பாக்காப்லதானா? கிறிஸ்மஸுக்கு வருஷா வருஷம் எனக்குக் கார்டு வரும். நா ஒண்ணுகூட திருப்பிப் போட்டதில்ல. கோவமா இருப்பாங்க. இல்லையா? நல்லவரு, பாவம், தனியா இருக்காருன்னு சொல்வாங்களா. ம்.

ஒங்க போட்டோவ நா பாத்திருக்கேன்மா. அப்பா அத மேப் வைக்கிற பைக்குள்ள சொருகியிருப்பாரு. மூணு வயசு, கேக்கு முன்னாடி நின்னு அழுவுறீங்க. மெழுகுவத்திய வேற பிள்ள ஊதிருச்சாம்லா. அத யாருகிட்ட காட்டுனாலும் சொல்லிச் சிரிப்பாரு. என்கிட்ட மட்டும் அம்பது தடவ சொல்லியிருப்பாரு.

வண்டி ஓட்டுறது நா, கோஸ்தான் எடுக்கும்போது பின்னாடி நிக்கிறது அவரு. ஆங், நீங்க கோலாலம்பூரு ஆளுல்ல, அங்கயும் கோஸ்தான்னுதான் சொல்றீங்களா? ரிவர்ஸ்தான். பதினோரு டன்னும்மா, ஆறு சக்கரம். உள்ள இருக்கிறவனுக்கு முன்னாடி ஒரு சாண் கண்ணாடி, பின்னாடி ஒண்ணும் தெரியாது. அதனால ஆளு நிக்காம பின்னுக்கு எடுக்கவே கூடாது. சைடு கண்ணாடியில அவரு கை தெரியிற எடத்துல நிப்பாரு. கை வான்னா வரணும். கை நிறுத்துன்னா நிக்கணும். கை தெரியலன்னா உடனே நிறுத்தணும். அவ்வளவுதான் பாடம். ஆறு வருஷம் நா அவரு மூஞ்சியவிட அந்தக் கையத்தான் ஜாஸ்தி பாத்திருக்கேன். சுண்டு விரல்ல மோதிரம் போட்டிருப்பாரு. அது ஒங்ககிட்டயா இருக்கு? சரி, சரி. காட்ட வேணாம்மா.

வண்டி ஏன் இன்னும் வரலன்னு மேஜர் ஒங்ககிட்ட என்ன சொன்னாரு? வாசல் கேட்டு சின்னதுன்னா? அது நா சொன்னது. கேட்டு பத்தடி. வண்டி எட்டே முக்கா. எனக்குத் தெரியாதா, என் தோள் அகலம் மாதிரி தெரியும். நுழையாதுன்னு சொன்னேன். செவத்த இடிக்கணும், இது பழைய கட்டட வட்டாரம், அனுமதி கேட்டு லெட்டர் போடணும்னு சொன்னேன். லெட்டர் போடுற வேலையையும் நானே வாங்கிக்கிட்டேன். ரெண்டு வருஷமாச்சு, போடல. போன மாசம் ஹமீதாவே டேப்பப் புடிச்சு அளந்துட்டு வந்து, அங்கிள், தாராளமா நுழையுதேன்னு கேக்குது. வயசாச்சு, தப்பா அளந்துட்டேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மேஜர் மட்டும் சிரிக்கல.

நா வேணும்னேதான் சொன்னேன்மா. வெட்டிருவாங்க, முடிஞ்சிரும்னு இருந்தேன். அப்பப் பாத்து நீங்க போன் பண்றீங்க.

சொல்றேன். அந்த வரி. வண்டியின் பிரேக் பழுதால் உயிர்நீத்தார்னு போட்டிருக்கீங்க. அத எடுத்துருங்க. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்குக் காலையில நாந்தான் பாத்தேன்.

மழம்மா. வண்டியக் கொட்டகையில விடணும். மெஸ்ஸுல ஏழு மணிக்குத் தமிழ்ப் படம் போடுறாங்க, ஆரம்பம் போயிருமேன்னு இருந்தேன். கை வா வான்னுது. வந்தேன். அப்புறம் கை இல்ல. சக்கரத்துக்கு அண்டக் குடுக்குற கட்டைய எடுக்கக் குனிஞ்சிருக்காரு. கை தெரியலன்னா இவன் நிறுத்திருவான்னு குனிஞ்சிருக்காரு. நா எப்பவும் நிறுத்திருவேன். அன்னைக்கு, இன்னும் அஞ்சடிதானேன்னு விட்டுட்டேன்.

ஆபிசர் ஓடி வந்து, பிரேக் புடிக்கலையான்னு கேட்டாரு. ஆமான்னு தலைய ஆட்டுனேன். வாயத் தொறந்து நா ஒரு பொய்யும் சொல்லல. முப்பத்தாறு வருஷம் அத வச்சே ஓட்டியாச்சு.

அங்க வச்சிரு ஹமீதா. நா கூப்புடுறேன்.

ஆறிப் போவும், குடிங்க. வேணாமா. சரி. அழுவாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்லம்மா. அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நா வந்து சொல்லட்டுமா? நானேவா. ஞாயித்துக்கெழமையா? பூசை முடிஞ்சு. வரேன்.

பேப்பர எடுத்துட்டுப் போறீங்களா. சரி, வேற எழுதுங்க. செக்கு இன்னும் மேசையிலயே கெடக்கே. மறந்துட்டீங்களா, வேணும்னேவா? சரி, நா கேக்கல. ஹமீதா, அந்தக் கோப்பைய எடுத்து அது மேல வை.

காடி வாசல்லதானே நிக்கிது? இங்க திருப்ப எடம் பத்தாது, கோஸ்தான்லதான் போவணும். ரோட்டுல லோரி வரும், சட்டுனு எடுக்காதீங்க. இருங்க, வரேன். சைடு கண்ணாடியில பாருங்க. தெரியுதா? ஆங். வாங்க. இடது பக்கம் கொஞ்சம். வாங்க. எடம் இருக்கு, வாங்க.