எல்லாரும் இருக்கோம், மாஸ்டர்

கதவைச் சாத்திவிட்டு வா. அடுப்பில் இன்னொரு கட்டையைப் போடு. நான் முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நடுவில் பயந்து கத்தினால் நான் பொறுப்பில்லை, இப்போதே சொல்லிவிட்டேன்.

ராத்திரி ஒன்றரை மணி. நார்த் பிளாட் என்கிற ஊரில் நடனத்துக்கு வாசித்துவிட்டு ஓமஹாவுக்குத் திரும்புகிற சாலை. ஜனவரிப் பனி. எதிரே வண்டி கிடையாது, பின்னால் வண்டி கிடையாது. ஒரே ஒரு பஸ்... தாடியஸ் க்ரூம் மாஸ்டருடைய பேண்டு. உள்ளே ஈரக் கம்பளி வாடை, எஞ்சின் எண்ணெய் கருகுகிற வாடை. வைப்பர் கண்ணாடியைச் சுரண்டுகிறது. கிர்ர்... டக். கிர்ர்... டக்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? என் மச்சினன் வெர்ஜில் அதே பேண்டில் சில மாதம் கழித்துச் சேர்ந்தவன். பெரும் புளுகன்தான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. முதல் பாதி, ராஸ்கோ குடித்துவிட்டு அவனிடம் உளறியது. மீதி, அவனே கண்ணால் கண்டது.

ராஸ்கோ யார் என்றால், அந்த பேண்டில் இரண்டாவது ட்ரம்பெட். மூன்று பேரில் அவன்தான் மூத்தவன். உச்ச ஸ்தாயி எல்லாம் முதல் ட்ரம்பெட்டான பெரிய மோசஸுக்கு. அவன் வாசிக்காத நேரமெல்லாம் குறட்டை விடுவான். தனியாக எழுந்து நின்று வாசிக்கிற பாக்கியம் முன்பு ராஸ்கோவுக்கு இருந்தது. லின்டெல் வந்தான், அதுவும் போயிற்று.

லின்டெல் டல்ஸாவிலிருந்து வந்த பொடியன். சொத்தைப் பல்லுக்காக எந்நேரமும் கிராம்பு மென்றுகொண்டிருப்பான். க்ரூம் பேண்டில் ஒரு பாட்டு உண்டு, ‘நிதானம்’ என்று பெயர். விளக்கைக் குறைத்துவிட்டு, ஜோடிகள் ஒட்டிக்கொண்டு ஆடுகிற பாட்டு. அதன் நடுவில் லின்டெல் எழுந்து நிற்பான். அவன் ஊத ஆரம்பித்தால் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடைப்பக்கம் வந்து நிற்பார்கள். ஆட வந்தவர்களை ஆட விடாமல் பண்ணுகிற வாசிப்பு. அதைவிடப் பெரிய மரியாதை நம் தொழிலில் ஏது?

ராஸ்கோவுக்கு வயிறு எரிந்தது. பக்கத்து நாற்காலி. பையனுடைய முழங்கை தன் முழங்கையில் இடிக்கிற தூரம். தன் பாட்டு, தன் இடம், தனக்கு வரவேண்டிய கைதட்டு... தினமும் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி கோரா பாத்திரம் கழுவிக்கொண்டே அதே வாசிப்பை முணுமுணுக்கிறாள்.

"எதுக்குடி அவன் வாசிச்சதைப் பாடுறே? நானும்தான் வாசிச்சேன், மூணு வருஷம்."

"நீ வாசிச்சதையும் பாடிப் பாத்தேன்யா. ஞாபகம் வரமாட்டேங்குது."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். அவன் அன்று சாப்பிடவில்லை.

சரி, பஸ்ஸுக்கு வா. பனிக்காலத்தில் ட்ரம்பெட்காரன் மவுத்பீஸைப் பெட்டியில் வைக்கமாட்டான். உதட்டில் வைக்கிற பித்தளை அல்லவா, குளிர்ந்து கிடந்தால் தோலைப் பிய்த்துவிடும். உள்சட்டைப் பையில் போட்டு உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பான். லின்டெல் தூங்கும்போது அவனுடையது நழுவி சீட்டில் விழுந்தது. ராஸ்கோ பார்த்தான். எடுத்தான். தன் பையில் போட்டுக்கொண்டான். அது சுடச்சுட இருந்ததாம், அப்போதுதான் இறக்கின ரொட்டி மாதிரி.

வழியில் ஒரு பெட்ரோல் பங்க். டாங்கை நிரப்பினார்கள். பையன்கள் பின்புறம் போய் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். லின்டெல் ஏறி உட்கார்ந்ததும் பையைத் தடவினான்.

"அண்ணே, என் மவுத்பீஸைப் பாத்தீங்களா?"

"நான் என்ன உனக்கு ஆயாவா? பின்னாடி போனியே, அங்கதான் விழுந்திருக்கும். போய்ப் பாரு, ஓடு."

"வண்டிய எடுத்துடப் போறாங்கண்ணே..."

"நான் இருக்கேன்ல? போடா."

பையன் ஓடினான். கோட்டுகூடப் போடவில்லை.

க்ரூம் மாஸ்டருக்கு ஒரு பழக்கம். முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமலே கூப்பிடுவார். ஒவ்வொரு வரிசையின் மூத்தவனும் தன் ஆட்களைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து வெள்ளைக்கார ஊர்களில் இருட்டிய பிறகு நம்மைப் போல் கறுப்பன் ஒருத்தனைத் தனியாக விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அந்தப் பதிலில் மட்டும் யாரும் விளையாடியது கிடையாது.

"சாக்ஸபோன்?"

"இருக்கோம், மாஸ்டர்."

"ட்ராம்போன்?"

"எல்லாரும் இருக்கோம்."

"ட்ரம்பெட்?"

மோசஸ் குறட்டை விடுகிறான். ராஸ்கோ ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தான். பங்க்குக்குப் பின்னால் ஒரு தீக்குச்சி வெளிச்சம்... அணைந்தது. இன்னொன்று. பையன் குனிந்து பனியில் தேடுகிறான்.

கொல்ல நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாளை ஓமஹாவில் நடனம். அந்த ஒரு ராத்திரி பையன் இல்லாவிட்டால் ‘நிதானம்’ தன் கைக்கு வரும். ஒரே ஒரு ராத்திரி. அவ்வளவுதான் அவன் கணக்கு.

"எல்லாரும் இருக்கோம், மாஸ்டர்!"

பஸ் கிளம்பியது. பின்கண்ணாடியில் ஒரு உருவம் ஓடி வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு... ராஸ்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பங்க்காரன் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே படுத்துவிட்டான். கதவைத் தட்டுவது யார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பான். திறக்கவில்லை. விடிவதற்குள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது, சாலையை மூடிவிட்டார்கள். சாலை திறந்து ஆள் போனபோது லின்டெல் பெட்ரோல் பம்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கையை உள்சட்டைப் பைக்குள் விட்டபடி.

மாஸ்டர் ராஸ்கோவின் சட்டையைப் பிடித்தார். "உன் ஆளுடா அவன்! பாத்துட்டுத்தானே சொன்னே?"

"பின் சீட்ல படுத்திருக்கான்னு நினைச்சேன், மாஸ்டர்." ராஸ்கோ அழுதான். நிஜமாகவே அழுதான். எல்லோரும் நம்பினார்கள்.

‘நிதானம்’ அவனுக்கே வந்தது.

இப்போது கேள். ராஸ்கோ அந்த மவுத்பீஸை எறியவில்லை. பையனின் நாதம் இதில்தான் இருக்கிறது என்று அவனுக்கு ஒரு நப்பாசை. தன் ட்ரம்பெட்டில் செருகி அதைத்தான் வாசித்தான். ஆனால் அது சூடேறவே இல்லை... உள்சட்டைப் பையில் வைத்தான். அக்குளில் வைத்தான். அடுப்பு மேல் வைத்து எடுத்தான். உதட்டில் வைத்தால் பனிக்கட்டி. ஆகஸ்டு மாதம், மேடையில் வியர்த்து ஊற்றுகிறது, அவன் உதடு மட்டும் வெடித்து ரத்தம் கசிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அவன் எழுந்து நின்று ஊதுவான். ஜனங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு முன்னால் வருவார்கள். வந்து, அவனைப் பார்க்கமாட்டார்கள். அவனுக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளிப் பார்ப்பார்கள். லின்டெல் நிற்கிற இடத்தை. அந்த நாற்காலிக்குத்தான் என் மச்சினனைப் புதிதாக எடுத்திருந்தார்கள், அவன் உட்கார்ந்துதான் இருப்பான். ஜனங்களின் கண் அவன் தலைக்கு மேலே இருக்கும், ஆள் நின்றால் முகம் இருக்கிற உயரத்தில். கைதட்டு ராஸ்கோ உட்கார்ந்த உடனே வராது. இரண்டு மூச்சு கழித்து வரும்... இன்னொருவன் வாசித்து முடித்து உட்கார்ந்த மாதிரி.

வெர்ஜில் பயந்து போனான். ராஸ்கோ பயப்படவில்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குப் புரியாத இடம். பேயைக் கண்டால் மனுஷன் பயப்படுவான், ஜெபம் பண்ணுவான், ஊரைவிட்டு ஓடுவான். இவனுக்குப் பொறாமை! "செத்தும் என் கைதட்டை வாங்குறான் பாரு, தறுதலை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னானாம்.

அடுத்த ஜனவரி. அதே சாலை. அதே நேரம். பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டுகிற சங்கிலி அறுந்து, பஸ் போய் நின்ற இடம்... ஆமாம், அதே பங்க்தான். இப்போது மூடிக் கிடந்தது, ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. ஓட்டுநர் இறங்கிச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போர்வைக்குள் சுருண்டிருந்தார்கள். பஸ்ஸின் சூட்டுக்குழாய் வேலை செய்யவில்லை. ஜன்னலுக்கு உட்பக்கமே பனி பூத்திருந்தது.

வெர்ஜில் அரைத்தூக்கத்தில் இருந்தான். அவனுக்கு முன்னால் இருந்த சீட்டில் ராஸ்கோ விறைத்து உட்கார்ந்தான்.

"கேக்குதாடா?"

"என்னண்ணே?"

"பின்னாடி... பங்க் பின்னாடி. ‘நிதானம்’ வாசிக்கிறான். கேக்கல?"

வெர்ஜிலுக்கு மோசஸின் குறட்டைதான் கேட்டது. வெளியே சங்கிலி கணீர் கணீர் என்றது. "கனவு கண்டீங்களாண்ணே? படுங்க."

"முடிவை மாத்திட்டான்டா." ராஸ்கோவின் கண்ணில் தண்ணீர். "இப்படி ஒரு முடிவு... எனக்கு ஏன்டா தோணல? பாவி, பனியில உக்காந்துகிட்டு என்னமா வாசிக்கிறான்! இவனை இன்னிக்கு ஊதித் தோக்கடிக்கலேன்னா நான் ட்ரம்பெட்டைத் தொடமாட்டேன்."

பெட்டியைத் திறந்தான். அந்த மவுத்பீஸைச் செருகினான். வெர்ஜில் அவன் கையைப் பிடித்தான். பிடித்ததாகத்தான் அவன் சொல்கிறான்... அதற்குள் கண் செருகிவிட்டதாம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

எஞ்சின் உறுமியபோது விழித்தான். மாஸ்டரின் குரல்.

"சாக்ஸபோன்?"

"இருக்கோம்."

"ட்ராம்போன்?"

"இருக்கோம், மாஸ்டர்."

"ட்ரம்பெட்?"

ராஸ்கோ பதில் சொல்லவில்லை. வெர்ஜில் எட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணுகிறான். மோசஸ் அவன் இடத்தில். ராஸ்கோவின் சீட்டில் ஆள்... கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டு, ஜன்னலில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். கோட்டு இல்லை. தோளில் பனி. தூங்குகிறவனை ஏன் எழுப்ப வேண்டும் என்று வெர்ஜிலே குரல் கொடுத்தான்.

"எல்லாரும் இருக்கோம், மாஸ்டர்!"

பஸ் கிளம்பியது. கிராம்பு வாசனை வந்தது. யாரோ பல்வலிக்கு மெல்கிறார்கள் என்று நினைத்து அவன் போர்வையை இழுத்துக்கொண்டான். லின்டெலை அவன் பார்த்ததில்லை, பாவம். கிராம்புக் கதை அவனுக்கு எப்படித் தெரியும்?

ஓமஹாவில் விடிந்தது. ராஸ்கோவின் சீட்டில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

மாஸ்டரே கார் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். ராஸ்கோ பங்க் பின்னால் நின்றுகொண்டிருந்தானாம். உட்காரவில்லை, விழவில்லை. முழங்காலளவு பனியில், மேடையில் தனியாக எழுந்து நிற்கிற மாதிரி நின்று விறைத்திருந்தான். ட்ரம்பெட் வாயருகே இருந்தது. மவுத்பீஸ் மட்டும் அதில் இல்லை. சுற்றிலும் பனியைத் தோண்டித் தேடியும் கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? அது காலையிலேயே ஓமஹாவில் வெர்ஜில் கையில் இருந்தது. நனைந்த சீட்டின் நடுவில் கிடந்ததை எடுத்துப் பையில் போட்டவன் அவன்தான். மாஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை. போன மாதம் ஊருக்கு வந்தபோது, "இதை வச்சுக்கிட்டு ராத்திரி தூங்க முடியல மாமா, நீங்க வச்சுக்குங்க" என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

நம்பவில்லை, இல்லையா? சிரி, சிரி. அதை வைத்த இந்தப் பெட்டி அந்த மூலை ஜன்னலுக்கு வெளியே பனியில் காலையிலிருந்து கிடந்தது. நீதானே இப்போது ஜன்னல் வழியாகக் கையை விட்டு எடுத்தாய்? உன் விரலே மரத்துப் போயிருக்கிறது. திற. அந்தத் துணியைப் பிரி.

கையை நீட்டு... ஏன் பின்னுக்கு இழுக்கிறாய்? சுடாது. யாரோ இப்போதுதான் உள்சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி, வெதுவெதுப்புதான்.