என்னைக் காலஞ்சென்றவள் என்று போட்ட அறிவித்தல்

எனது பெயர் சுவாம்பிள்ளை அகஸ்ரீனா. வயது எழுபத்திரண்டு. சொந்த இடம் மன்னார். தற்போது இத்தாலியில் பலெர்மோ நகரின் பல்லரோ சந்தைக்குப் பின்னால் மகள் வீட்டில் வசிக்கிறேன். பத்திரிகை ஆசிரியர் சாந்தரூபனின் அகதி வழக்குக்காக, அவரது சட்டத்தரணியின் அலுவலகத்தில் இதைத் தமிழில் சொல்கிறேன். விஜிதா என்ற பிள்ளை இத்தாலியனில் மாற்றுகிறார்.

சாந்தரூபன் எனக்கு உறவு அல்ல. அவரோடு நான் கதைப்பதும் இல்லை.

மன்னாரில் என் மகன் பிறின்ஸை வேலையால் வரும் வழியில் சீருடைக்காரர் சுட்டார்கள். பிரேதம் வீட்டில் இருக்க, மரண அறிவித்தல் கொடுக்கச் சாந்தரூபனின் பத்திரிகைக்குப் போனேன். எங்கள் வழக்கப்படி தாய் தகப்பன், சகோதரர், மாமன், மச்சான் எல்லோரின் பெயரையும் சொன்னேன். அவரே எழுதினார். ‘அகால மரணமடைந்தார்’ என்று எழுதியதும் மறித்தேன்.

“காய்ச்சல் வந்தாலும் அகால மரணம்தான். சுட்டது ஆரெண்டு போடுங்கோ.”

“அம்மா, உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்.”

“பயமெண்டால் பத்திரிகையைப் பூட்டிப்போட்டு மீன் வில்லுங்கோ.”

அதன் பின்னர் அவர் ‘சீருடையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்று எழுதினார்.

மறுநாள் பத்திரிகையில் அந்த வரி இருந்தது. ஆனால் என் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தது. செத்த வீட்டுக்கு வந்த சனம் என்னைத் தொட்டுப் பார்த்தது. போய்ச் சண்டை பிடித்தேன். “பிழையா விழுந்திட்டுது” என்றார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன் பின்னர் வெளியூர்ப் பொலிசார் பத்திரிகையும் கையுமாக, அறிவித்தலில் பெயர் இருந்த வீடுகளுக்கெல்லாம் வந்தார்கள். என் தம்பி ஜோக்கிமை ஏற்றிக்கொண்டு போய், அந்த வரியைக் கொடுத்தது யார் என்று அடித்தார்கள். அவனுக்கு இன்றும் இடது காது கேளாது. செத்தவளைத் தேடி எவரும் வரவில்லை.

அதன் பின்னர் சாந்தரூபனைப் பிடித்து, அரசுக்கு எதிராகச் சனத்தைத் தூண்டியதாக வழக்குப் போட்டார்கள். வெள்ளைக்காரர் விட்டுப்போன சட்டம் என்று கதைத்தார்கள். நீதிமன்றத்தில் கடைசி வாங்கில் நான் இருந்தேன். யார் தந்த வரி என்று நீதவான் கேட்டார். சாந்தரூபன் என்னைக் கண்டார். “நான்தான் எழுதினேன்” என்றார். பிறகு பிணையில் வந்து நாட்டை விட்டுப் போனார்.

இங்கே அவர் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவது தெரியும். கண்டால் முகத்தைத் திருப்புவேன். போன கிழமை அவர் மனைவி நிசாந்தி வீட்டுக்கு வந்தார்.

“அம்மா, அறிவித்தல் குடுத்தது தாய் எண்டு இவர் சொல்லியிருக்கிறார். தாய் செத்ததெண்டு பேப்பரிலை கிடக்கு, எல்லாம் பொய்யெண்டு இஞ்சை அகதி வழக்கைத் தள்ளிப்போட்டாங்கள். திருப்பி அனுப்பப் போறாங்கள்.”

“என்னைச் சாக்காட்டின மனுசனுக்காக நான் ஏன் வரவேணும்?”

“அதையே சட்டத்தரணியிட்டை வந்து சொல்லுங்கோ.”

அதையே சொல்கிறேன். பிறின்ஸின் தாய் நான். உயிரோடு இருக்கிறேன். அந்த வரி என்னுடையது, வழக்கு அவருடையதாகிவிட்டது. நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அவரை உள்ளே போடுவார்கள்.

என்னைக் கேளாமல் என்னைச் சாகடித்ததை நான் மன்னிக்கவில்லை. இதை எழுத வேண்டாம் என்று விஜிதா சொன்னார். எழுதச் சொன்னேன்.

மேலே உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். கண்டதையும் சொன்னதையும் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

ஒப்பம்: சு. அகஸ்ரீனா, உயிரோடு.