செஞ்சிறகனின் ஐம்பதாம் ஆண்டு மலர்

மழைக்காலத்தில் மை சீக்கிரம் காயாது, ஐயா. அவசரப்பட்டுக் கை வைத்தால் அன்றைய உழைப்பு பாழ். அதனால் எங்கள் தொழிலில் பதற்றக்காரர்கள் நிலைப்பதில்லை. நான் பதறி யாரும் பார்த்ததில்லை.

செஞ்சிறகன் படக்கதையை நீங்களும் சின்ன வயதில் படித்திருப்பீர்கள். இடிந்து விழும் பாலத்தைத் தோளில் தாங்குவானே, அவன்தான். அவனைப் படைத்தவர் என் அக்காவின் கணவர். அத்தான் பென்சிலில் வரைவார். நான் அதன்மேல் மை தீட்டுவேன். படிப்பு ஏறாத என் கையில் தூரிகையைக் கொடுத்தவர் அவர். அதன்பிறகு ஒரே அறை, எதிரெதிர் மேசைகள். எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் அமையவில்லை. "இவன் செஞ்சிறகனுக்கே வாக்கப்பட்டுட்டான்" என்று அத்தான் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். அதில் பொய்யில்லை.

ஐம்பதாம் ஆண்டு மலருக்கான பக்கங்களை அவர் என் மேசையில் வைத்தபோது, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தேன். சிறகு ஒடிந்து, செஞ்சிறகன் செத்துக் கிடந்தான்.

"என்னத்தான் இது?"

"போதும்டா. அவனும் களைச்சுட்டான், நானும் களைச்சுட்டேன். நல்லபடியா அனுப்பி வெச்சிருவோம்."

"படிக்கிறவங்க தாங்க மாட்டாங்க."

"அழுதுட்டு மறந்துருவாங்க. நீ மையைப் போடு."

போட்டேன். அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை.

அக்கா வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் அத்தானுக்கு இழுப்பு வந்தது. பழைய நோய்தான், இன்ஹேலரை உறிஞ்சினால் அடங்கிவிடும். அது பக்கத்து அறையில், ஆணியில் மாட்டியிருந்த சட்டையின் பையில் இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். நான் அப்போது ஒடிந்த சிறகின் நீளக் கோட்டில் இருந்தேன். பாதியில் நிறுத்தினால் ஒட்டுத் தெரியும். முடித்தேன். அடுத்த கோட்டையும் முடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவசரமாக, பிறகு ஆச்சரியமாக. அவர் நாற்காலியிலிருந்து சரிந்ததும், தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நான் அவரைத் தொடவேயில்லை. ஓர் உயிர் பிழைக்க இன்னோர் உயிர் போகவேண்டியிருந்தது. எந்த உயிர் பெரிது என்று வாசகர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாளே கடைசிப் பக்கங்களை நானே புதிதாக வரைந்தேன். செஞ்சிறகன் எழுந்து பறந்தான். மலர் அத்தானின் புகைப்படத்தோடு வந்து, கடைகளில் தங்காமல் விற்றது. அத்தோடு முதலாளி பத்திரிகையை மூடிவிட்டார். "அவர் இல்லாம அது வெறும் பொம்மைய்யா" என்றார்.

அக்காவிடம் மலரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"இதுல அவன் சாகணும்லடா? அதுக்கப்புறம்தானே உன் கதை?"

"என் கதையா?"

"உனக்குன்னு புதுசா ஒருத்தன். நீயே எழுதி, நீயே வரைஞ்சு, உன் பேரைப் போட்டு. முதலாளிகிட்டப் பேசி முடிச்சிருந்தாரு. 'இத்தனை வருஷத்துல அவன் பேரு ஒரு இதழ்லயும் வரலையே'ன்னு படுக்கையில புலம்புவாரு. மலர் வர்ற அன்னைக்கு உன்கிட்டச் சொல்லணும்னு இருந்தாரு."

அவள் மலரைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு இழுத்தப்போ நீ எங்கடா இருந்த?"

எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. அத்தான் மேல்தான் சின்ன வருத்தம். இவ்வளவு பெரிய விஷயத்தை மனதுக்குள் பூட்டி வைக்கலாமா? என் பெயர் வரப்போகிறது என்று முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எழுந்துபோய் அந்த மருந்தை எடுத்துக் கொடுத்திருப்பேன், ஐயா.