புலி உறுமாத விடியல்

ஈப்போ ஸ்டேஷனில் டிக்கெட் வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற தோட்டத்துப் பெண்மணி, பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

"புலி போனதுலேருந்து எனக்கு அரைப்பேருதான் விழுது, அண்ணே."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எந்தப் புலிம்மா?" என்றார் அவர்.

"டவுன் ஓரத்துல மிருகக்காட்சி சாலை இருந்துச்சே, அதுக்கு அடுத்தாப்பல எங்க தோட்டத்து லய வீடுங்க. விடியக்காலையில புலி உறுமும். அதைக் கேட்டுத்தான் லயமே எந்திரிச்சு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல பேர் குடுக்க ஓடும். இப்ப தூங்கிப் போயிடுறோம். லேட்டாப் போனா கணக்கெழுதுற கிராணி அரைநாள் பேருதான் போடுறாரு."

"மிருகமெல்லாம் எங்க?"

"வித்துட்டாங்க லா. கூண்டு இருந்த எடத்துல இப்ப எங்க தோட்டத்துத் தொரையோட ரப்பர் கன்னு நிக்குது."

"நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் மூடுனாங்க?"

அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாங்கதான் தொரைகிட்ட போய் நின்னோம். தண்ணிக் குழாய் கேட்டோம். ஒழுகுற கூரைய மாத்தச் சொன்னோம். புள்ளைங்க பயப்படுது, புலிய எடுக்கச் சொல்லுங்கன்னும் கேட்டோம். அது ஒன்னைத்தான் செஞ்சு குடுத்தாரு."