எந்தத் திருவிழாவில் சுடுவது

பர்மிய ஊரான மிங்கலாடோனிலிருந்து வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் அக்காவும் தங்கையும் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“துப்பாக்கின்னா கியாக்தானுக்குத்தான் போகணும். க்யிம்யிண்டைங்ல எல்லாமே கோணல்,” என்றாள் அக்கா.

தமிழ் புரிந்த கண்டக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ரெண்டு ஊர்லயும் பயா, புத்தர் கோயில் திருவிழாவுல பலூன் சுடுற துப்பாக்கிங்க,” என்று அவரிடம் சொல்லிவிட்டு, அக்கா தங்கையைப் பார்த்தாள். “போன வருஷம் க்யிம்யிண்டைங் கடைக்காரரோட நீதானே சண்டை போட்டே?”

“போட்டேன். குழல் வளைஞ்சிருக்கு, ஏமாத்துறீங்கன்னேன்.”

“அப்புறம் ஏன் அங்கேயே போகணும்கிறே?”

“மறுநாள் போனேன்க்கா. எனக்காக ஒரு துப்பாக்கியை மட்டும் நேராக்கி வெச்சிருந்தார்.”

அக்கா தங்கையின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளை செத்தப்புறம் உன்னை வீட்டை விட்டு வெளியே கூட்டிட்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் நீயாவா போனே?”

“நானாத்தான் போனேன்.”

“அப்போ க்யிம்யிண்டைங்கே போவோம். அந்த மனுஷரை நானும் பார்க்கணும்.”

தங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பாருக்கா. ஆனா முதல் நாள் நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்.”